கரையில் நான் எழுதிய பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டவிரோதமாகக் குடியேறியவர்களைக் கண்டறியும் நடவடிக்கைகள் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும், அவற்றை ஒட்டி வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். எல்லைக் காவல் நாட்டுக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் எல்லையிலிருந்து நெடுந்தொலைவில், நடவு வயலிலும் வாடகை வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அந்தக் காவல் மனிதர்களை எந்த இடத்தில் உட்கார வைக்கிறது என்பதை அக்கடிதங்களில் எவரும் தொடவில்லை. திருத்துறைப்பூண்டி வட்டத்தில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு பயிர் செய்துவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் நான். கண்ணால் கண்டவற்றைக் கொண்டு சிலவற்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

சென்ற குறுவைக்கு மேற்கு வங்கத்திலிருந்து வந்த பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு நடவுக் குழுவை அமர்த்தினேன். டெல்டாவில் இது இப்போது புதுமை இல்லை. நம் ஊர் நடவுப் பெண்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். நாற்றுப் பறித்து, முடி கட்டி, நட்டு முடிக்க ஏக்கருக்கு 5,000 ரூபாய் பேசினோம். மூன்றாம் நாள் இரண்டு காவலர்கள் வயலுக்கு வந்து, பன்னிருவரையும் வரப்பில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, ஆதார் நகல்களை வாங்கினார்கள். பொறுப்பாளர் என்று ஒரு தாளில் என்னிடமும் கையெழுத்துப் பெற்றார்கள். மரியாதையாகவே பேசினார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அவர்கள் போன பிறகுதான் தொடங்கியது. அதுவரை கடனுக்குத் தேநீர் கொடுத்துவந்த கடைக்காரர், "பங்களாதேஷ் ஆளுங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். குழுவினர் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் பொழுது சாய்வதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மீதி நான்கு இரவுகளை அவர்கள் என் மோட்டார் கொட்டகையில் கழித்தார்கள்.

அந்தக் குழுவின் தலைவர் முர்ஷிதாபாத் மாவட்டத்துக்காரர். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தென்னாட்டில் வேலை செய்வதால் தமிழ் ஓரளவு வரும். "அங்கேயும் கார்டு, இங்கேயும் கார்டு" என்று சிரித்தார். அவர் சொன்னது வேடிக்கைக்காக அன்று. 2021 அக்டோபரில் ஒன்றிய அரசு மேற்கு வங்கம், பஞ்சாப், அசாம் ஆகிய மாநிலங்களில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அதிகார வரம்பை 15 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டராக விரித்தது. சொந்த ஊரிலேயே எல்லை அவருடைய வீட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது. பிழைக்க வந்த இடத்திலோ அது இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து என் வரப்பில் வந்து நிற்கிறது. 2025 மே மாதம், ஐயத்துக்குரியவர்களை முப்பது நாளில் சரிபார்க்கும்படி மாநிலங்களுக்கு உள்துறை அமைச்சகம் அறிவுறுத்திய பிறகு, வங்காளம் பேசும் தொழிலாளர் சிலர் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, இந்தியக் குடிமக்கள் என்று தெரிந்த பின்னர் திரும்ப அழைத்து வரப்பட்டதையும் நாம் செய்திகளில் படித்தோம். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, இது தமிழரின் பண்பு இல்லை என்று நாம் உரத்துச் சொன்னோம். சரிதான். ஆனால் ஒரு சீருடை வந்து போனதும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்குப் பொய்க் காணொளி எதுவும் தேவைப்படவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று அதன் சட்டமே கூறுகிறது. அப்படியானால் அந்தப் பன்னிருவரும் எதைக் காட்டியிருந்தால் ஐயம் தீர்ந்திருக்கும்? பள்ளிச் சான்று என்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்க்கைப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாய்க்குப் பிறந்த தேதி நினைவில்லாத பிள்ளைகளை, வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று கணக்கிட்டு, ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியை நானே எழுதியிருக்கிறேன். இம்மாவட்டங்களில் நடுவயதைக் கடந்த பலருடைய பிறந்த நாள் இப்படி ஓர் ஆசிரியர் வழங்கியதுதான். என்னுடையதும் அப்படியே. நம்மை யாரும் வரப்பில் நிறுத்திக் கேட்பதில்லை என்பதால் அது செல்லுபடியாகிறது.

நான் எழுதிய பட்டியல்களில் பள்ளியைச் சேராத ஒன்றும் உண்டு. 1984-ஆம் ஆண்டு, வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரைப் பக்கத்தில் இளம் ஆசிரியனாக இருந்தேன். முந்தைய ஆண்டு இலங்கையில் நடந்த ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து தமிழர்களின் படகுகள் வந்துகொண்டிருந்தன. பெரும்பாலானோர் இராமேசுவரம் பக்கம் இறங்கினாலும், காற்றும் நீரோட்டமும் தள்ளிய சில படகுகள் எங்கள் கரைக்கும் வந்தன. ஒரு விடியற்காலையில், எழுதத் தெரிந்தவன் என்பதால், காவலர் ஒருவர் என்னை எழுப்பிக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஈரத் துணியோடு மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பெயர், தந்தை பெயர், ஊர், உடன் வந்தவர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்ல, நான் எழுதினேன். யாரும் ஒளியவில்லை, பொய்ப் பெயர் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஓர் அம்மா நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, "பேரைச் சரியா எழுதுங்கோ மாஸ்டர், திரும்பிப் போகேக்க பிழை வரக்கூடாது" என்றார். சில மாதங்களில் திரும்பிவிடுவோம் என்றே அவர் நம்பினார். எல்லோரும் அன்று மாலையே பேருந்தில் மண்டபம் அகதிகள் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

மண்ணில் கால் வைத்தவுடன் தாமே காவலரிடம் சென்று பெயரைப் பதிந்தவர்கள் அவர்கள். அவர்களைத்தான் நம் சட்டம் இன்று 'சட்டவிரோதக் குடியேறி' என்று அழைக்கிறது. 2003-இல் நிறைவேறி, 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைத் திருத்தத்தின்படி, உரிய கடவுச்சீட்டு இன்றி நுழைந்த எவரும் அந்த வகையில் அடங்குவர். அவர்கள் எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாலும் பதிவின் மூலமோ இயல்புரிமையின் மூலமோ குடியுரிமை கோர முடியாது. அந்தத் தேதிக்குப் பின் இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் அவ்வகையினராக இருந்தாலும் பிறப்புரிமை இல்லை. முகாமில் 1987 ஜூன் 30 அன்று பிறந்த குழந்தை இந்தியக் குடிமகன்; பெற்றோர் இருவரும் இலங்கையராக இருந்தால், மறுநாள் அதே கொட்டகையில் பிறந்த குழந்தை வெளிநாட்டவன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண், கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடி 2022-இல் ஆணை பெற்று, 2024 ஏப்ரல் 19 அன்று முதன்முறையாக வாக்களித்தார். அது நாடு முழுவதும் செய்தியானது. ஒருவர் வாக்களித்தது செய்தியாகும் அளவுக்குத்தான் மற்றவர்களின் நிலை இருக்கிறது.

'கள்ளத்தோணி' என்ற சொல்லைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கூற முடியாது. இலங்கையில் மலையகத் தமிழரை இழிவாகச் சுட்டுவதற்குப் பயன்பட்ட அச்சொல் பிறந்தது நம் கரைகளிலிருந்து போன படகுகளால்தான். தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போய் வந்துகொண்டிருந்த திருச்சி, தஞ்சைச் சீமை மக்களுக்கு, 1949-இல் இலங்கை விசா முறையைக் கொண்டுவந்த பிறகு பழைய வழி அடைபட்டது. பலர் இரவில் தோணி ஏறினார்கள். அவர்களைத் தடுக்க 1952-இல் இலங்கை அரசு இராணுவத்தையே கரையில் நிறுத்தியது. 1963-இல் அதற்கெனத் தனிப் படைப்பிரிவும் அமைந்தது. படையின் வேலை கடற்கரையில் இருந்தாலும் சொல்லின் வேலை தேயிலை மலையில் நடந்தது. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து கொழுந்து பறித்தவளும் 'கள்ளத்தோணி' ஆனாள். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஏற்கெனவே அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு, அப்படி நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மீதி 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஆட்டு மந்தையைப் பாகம் பிரித்தாலும் எந்த ஆடு எந்தப் பக்கம் என்று ஒரு முறையாவது பார்ப்பார்கள்.

அந்தப் பங்கீட்டிலும் சிக்காமல், கலவரங்களால் மலையை விட்டு வடக்கே வவுனியாப் பக்கம் குடியேறி, 1983-க்குப் பின் அங்கிருந்தும் விரட்டப்பட்டுப் படகேறியவர்களின் பிள்ளைகள் இன்று முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டனாரின் ஊர் இலால்குடியாகவோ முசிறியாகவோ இருக்கலாம். அங்கே தோணியில் வந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வாரிசு, இங்கே படகில் வந்தவர் என்று ஒதுக்கப்படுகிறார். 2003-ஆம் ஆண்டில், இலங்கை நாடாளுமன்றம் 1964 முதல் அங்கே வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததிக்கும் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு டிசம்பரில்தான் நம் நாடாளுமன்றம் மேலே சொன்ன திருத்தத்தை நிறைவேற்றியது. 2019 ஜூனில் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் இம்மண்ணில் வேர் உள்ளவர்கள் என்பதைச் சுட்டிக்காட்டி, அவர்களுடைய விண்ணப்பங்களை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைச் சொல்லி, இலங்கையைச் சொல்லாமல் விட்டது.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவோருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை எவரும் மறக்க முடியாது. எங்கள் கரையில் ஆயுதக் குழுக்கள் வந்து போன காலத்தையும், இன்றும் நடக்கும் கஞ்சாக் கடத்தலையும் கடற்கரைவாசிகள் அறிவார்கள். ஆனால் அந்த ஒரு நாளுக்காக, அன்று பிறந்தே இராத பிள்ளைகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் சொல்லி வருகிறார்கள். முகாம்வாசி வெளியூர் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். கணக்கெடுப்பு நாளன்று ஆள் இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும். பெயிண்ட் அடிக்க அறுபது மைல் போனவர் கணக்கெடுப்புக்காகக் கூலியை விட்டுவிட்டு ஓடிவருவதை நான் திருச்சியில் பார்த்திருக்கிறேன். பொறியியல் படித்த பிள்ளைக்கு, நேர்காணலில் எல்லாம் முடிந்து, கடவுச்சீட்டு எங்கே என்று கேட்கும் இடத்தில் வேலை போய்விடுகிறது. கடைசியில் அவனும் அப்பாவோடு தூரிகையைத் தூக்குகிறான். கொட்டப்பட்டு முகாம் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கொழும்பு விமானம் தலைக்கு மேல்தான் போகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். சுற்றுலாப் பயணி ஏறிய அந்தக் கப்பலில், எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் கையில் இல்லாத முகாம்வாசி தாய் வீட்டைப் பார்க்கப் போக வழியில்லை.

எல்லைப் பாதுகாப்பின் அச்சம் 'இவர் யாரென்று தெரியவில்லை' என்பதில் இருக்கிறது. இந்நாட்டில் முகாம்வாசியைப் போல் அரசுக்கு நன்றாகத் தெரிந்த மனிதர் வேறு யார் இருக்கிறார்? பெயர், படம், கைரேகை, பிள்ளைகள், உறவினர், போன இடம், வந்த நேரம் எல்லாம் தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் ஏட்டில் உண்டு. 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிந்து வாழ்வோர் ஏறத்தாழ 34,000 பேரும் இருந்தனர். இவர்களை ஐயத்துக்குரியவர்களாக வைத்திருப்பதால் எந்த ஐயம் தீர்கிறது என்பதை யாராவது விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, வீடுகளும் கட்டித் தந்தது. நல்ல செயல். 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அதுவும் வரவேற்கத்தக்கதே. ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பதும் சேர்த்துக்கொள்கிறோம் என்பதும் ஒன்றல்ல. பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் முதல் தனுஷ்கோடியில் இறங்கியவர்களுக்கு இந்த விலக்குகூட இல்லை. திரும்பிப் போவதும் எளிதாக இல்லை: 2025-இல் முகாமிலிருந்து முறையாக இலங்கைக்குத் திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு அனுமதியற்ற கரை வழியே அந்நாட்டை விட்டு வெளியேறினார் என்பதற்காக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார்.

இந்தியா ஒரு தர்மசாலை இல்லை என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, தண்டனைக் காலம் முடிந்தும் முகாமில் வைக்கப்பட்டிருந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் வாய்மொழியாகக் குறிப்பிட்டது. நீதிமன்றத்தின் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. எனினும் தர்மசாலை என்ற சொல் டெல்டாக்காரன் காதில் விழும் விதம் வேறு. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தின் வழியாகப் பேருந்தில் போய் வருபவர்கள் நாங்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் எந்தச் சாதியினரானாலும் வழிப்போக்கருக்கு உணவு அளிக்கப்படுவதையும், நோயுற்றவருக்கு மருத்துவம் பார்க்கப்படுவதையும், இறந்தவருக்கு ஈமக்கடன் செய்யப்படுவதையும் விளக்கியிருக்கிறார். ஆனால் சத்திரத்தில் தங்குபவர் நான்கு நாளில் புறப்பட்டுவிடுவார். நாற்பது ஆண்டுகள் தங்கி, அங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் மணம் முடித்தவரைச் சத்திரத்து ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே இது தர்மம் பற்றிய கேள்வியே இல்லை என்பதில் நான் நீதிபதிகளோடு உடன்படுகிறேன்.

என் குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. என் பெரியப்பா 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போய், ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். மலேயா விடுதலை பெற்ற பிறகும் குடியுரிமைத் தாளை நிரப்பத் தெரியாததால் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுபோனார். 1969-இல் குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெட்டிய மரத்துக்கு அவர் அந்நியரானார். மறு ஆண்டு அதே கப்பலில் திரும்பி வந்தார். அவர் சாகும்வரை இங்கே அவரை 'மலேயாக்காரர்' என்றே கூப்பிட்டார்கள். கோயில் வரி கணக்கில் அவர் பெயர் சேர ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. வளைகுடாவில் இகாமா என்னும் வசிப்பு அனுமதி முடிந்தும் கடவுச்சீட்டு முதலாளியிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இல்லாத தெரு மன்னார்குடியிலும் கூத்தாநல்லூரிலும் அரிது. வெளியே நம்மவருக்கு நேர்ந்தால் துடிக்கும் நாம், அதே விதி இங்கே ஒருவர் மீது விழும்போது மாவட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறோம்.

நான் கேட்பவை இரண்டுதான். 2019-ஆம் ஆண்டுச் சட்டம், அந்த மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சிறுபான்மைச் சமயத்தினரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்து விலக்குவதற்கு, குடியுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் ஒரு வரம்புரையைச் சேர்த்தது. பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கும், இங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதே இடத்தில் இன்னொரு வாக்கியம் சேர்த்தால் போதும். முழுதாக ஒரு புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சிறு திருத்தமே போதும். பதிவு ஏடுகள் அரசிடமே இருக்கின்றன. நம் மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி எதுவாயினும், இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர வேண்டும். மற்றொன்று, நடவுக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளரின் பதிவைத் தொழிலாளர் நலத்துறை செய்யட்டும். கூலி தரப்பட்டதா, மின்சாரம் தாக்கினால் இழப்பீடு யார் தருவது, தங்குமிடத்தில் கழிப்பறை உண்டா என்பவற்றோடு சேர்த்துப் பெயரையும் எழுதினால், அந்தப் பெயர் காவலுக்கும் பயன்படும், அவருக்கும் பயன்படும். காவல் நிலையம் மட்டும் எழுதும் பட்டியல், அதைப் பார்க்கும் ஊரார் கண்ணில் குற்றவாளிப் பட்டியலாகத்தான் தெரிகிறது.

தாளடி நடவுக்கு வர முடியுமா என்று கேட்டு முர்ஷிதாபாத்தில் உள்ள அந்தக் குழுத் தலைவரிடம் தொலைபேசியில் பேசினேன். கூலியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை தங்குவதற்கு வீடு கிடைக்குமா, அல்லது முதலிலேயே மோட்டார் கொட்டகைக்கு வந்துவிடலாமா என்று மட்டும் கேட்டார். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன், இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.